சேம அச்சு

தமிழ் பயிலும் மாணாக்கர் லாரிகளைப் பற்றி எழுதப் புகுவது இம்மலரைக் கையிலெடுப்போர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். காப்பியமும் இலக்கணமும் ஆராய்தற்குரிய இப்பகுதியில் டயருக்கும் டீசலுக்கும் இடமுண்டோ என்று அவர் வினவுவர். ஆயினும் யாம் எடுத்துக்கொண்ட பொருள் தமிழுக்குப் புதியதன்று. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில் உப்பு வாணிகராகிய உமணரின் வண்டி வருகின்றது. அவர் செல்லும் வழி நெடியது. ஏற்றிய பாரமோ பெரிது. நடுவழியில் அச்சு முறிந்தால் உதவுவார் இலர். ஆதலின் உமணர் புறப்படுமுன்னரே மற்றோர் அச்சை வண்டியின் கீழே கட்டிக்கொண்டு செல்வர். அதற்குச் சேம அச்சு என்பது பெயர். அரசன் மகனை அவ்வச்சுக்கு ஒப்பிடுகின்றார் புலவர். நெடுவழிச் செலவுக்கு ஒருப்படுவோர் இடையூறு நேருமுன்னரே அதற்கு வகை செய்துகொள்ளல் வேண்டும் என்பதை உமணர் நன்கறிந்திருந்தனர்.

அதியமானது தகடூரே இன்றைய தருமபுரி. சேலத்தினின்று வடநாடு நோக்கிச் செல்லும் லாரிகள் தொப்பூர்க் கணவாயில் ஏறி அவ்வூர் வழியாகவே இரவும் பகலும் ஓடுகின்றன. உமணர் சென்ற வழி இன்று நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆயிற்று; எருதுகள் பூண்ட இடத்தை எஞ்சின் கொண்டது. ஆனால் சேம அச்சு எங்கே? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் தாய்மாமனார் இருபத்திரண்டு ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் பயின்றிலர். எனினும் கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் வழி கேட்கவும் வாடகை பேசவும் வல்லவர். சென்ற ஆண்டு நவராத்திரிக்கு முன்னர்ச் சேலத்து ஜவ்வரிசி ஏற்றித் தில்லிக்குச் சென்றார். வடநாட்டார் நோன்பு நாட்களில் ஜவ்வரிசியை விரும்பி உண்பராதலின், அக்காலத்தில் அச்சரக்குக்குக் கிராக்கி மிகுதி. ஐந்தாம் நாள் சரக்கு கடைக்கு வந்து சேரவேண்டும் என்பது வியாபாரியின் கட்டளை. லாரியில் ஓட்டுநர் அவர் ஒருவரே. போன வழியே மறுசரக்கு ஏற்றிக்கொண்டு, அவ்வாறே குறித்த நாளுக்குள் திரும்பினார். ஊர் சேர இன்னும் இரண்டு மணி நேரமே இருந்தது. விடியற்காலை நான்கு மணிக்குத் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் வண்டி சாலையோரச் சுவரை உராய்ந்து சாய்ந்தது. கால் முறிவோடு அவர் உயிர் தப்பியது எம் குடும்பத்தாரின் நற்பேறு.

மருத்துவமனையில் அவரைக் கண்டபோது, "தூங்கிவிட்டீர்களா மாமா?" என்று கேட்டோம். "தூங்கவில்லை மாப்பிள்ளை, கண் திறந்துதான் இருந்தது. பார்வைதான் இல்லை" என்றார். அவரைக் காண வந்தோர் பலர். குடித்திருந்தாரா, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினாரா, பிரேக் செவ்வையாக இருந்ததா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கேட்டனர். அவ்வினாக்கள் வேண்டற்பாலனவே. ஆனால் ஐந்து நாளில் தில்லி சேரவேண்டும் என்று நாள் குறித்தவர் யார் என்று ஒருவரும் கேட்டிலர். அன்று முதல் எம் உள்ளத்தை அலைப்பது அக்கேளாத வினாவே.

நிற்க. ஒரு லாரி மாநிலம் கடந்து செல்வதற்கு முன் எவ்வெவற்றை ஆயத்தம் செய்தல் வேண்டும் என்று பார்ப்போம். முதலாவது ஆவணங்கள். பதிவுச் சான்று, எஃப். சி. என்று வழங்கும் தகுதிச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம், நேஷனல் பர்மிட் ஆகிய யாவும் காலாவதி ஆகாமல் இருத்தல் வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேற்படின் இ-வே பில் வேண்டும். அதில் லாரியின் எண்ணும் பதியப்படுதல் வேண்டும். வழியில் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் எண்ணையும் மாற்றிப் பதிதல் வேண்டும். 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் மாநில எல்லைகளில் இருந்த வரிச் சோதனைச் சாவடிகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டன. எல்லையில் மணிக்கணக்காகக் காத்து நின்ற காலம் போனது பெரு நன்மையே.

இரண்டாவது எடை. மூன்று அச்சுடைய லாரிக்குச் சரக்கோடு கூடிய மொத்த எடையின் வரம்பு முன்னர் 25 டன்னாக இருந்தது. 2018 இல் 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. வரம்பு மீறினால், 2019 இல் திருத்திய சட்டப்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் உண்டு. மிகைச் சரக்கையும் அங்கேயே இறக்கிவிடல் வேண்டும். எடை வரம்புக்குள் அடங்குவதும் போதாது. பாரம் ஒரு பக்கம் சாயாமல் பரவலாக அடுக்கப்பட்டுத் தார்ப்பாயும் கயிறும் இறுகக் கட்டப்படுதல் வேண்டும்.

மூன்றாவது வண்டி. டயரின் தேய்வு, பிரேக்கின் பிடிப்பு, பின்விளக்கு, இருளில் ஒளிரும் செந்நிறப் பட்டைகள் ஆகியவற்றைப் புறப்படும் நாளிலே சோதித்தல் வேண்டும். சாலையோரம் விளக்கின்றி நிற்கும் லாரியின்மேல் பின்வரும் வண்டி மோதுதல் நம் நெடுஞ்சாலைகளில் அடிக்கடி நேரும் துன்பம். மலையிறக்கத்தில் கியரைத் தாழ்த்தி எஞ்சினாலேயே வேகத்தை அடக்குதல் வேண்டும். நியூட்ரலில் உருட்டினால் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். இடைவிடாது அழுத்திய பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இஃது ஓட்டுநர் அனைவரும் அறிந்ததே. அறிந்ததைக் கையாளும் விழிப்புத்தான் நான்கு மணி விடியலில் இல்லாமற் போகின்றது.

எனவே நான்காவதாகக் கணக்கிடற்குரியது மனிதன். ஈண்டுதான் நம் ஏற்பாடுகள் தவறுகின்றன என்பது எம் கருத்து. 1961 ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வேலைக்கு எல்லை வகுத்தது. ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, இடையே அரைமணியேனும் ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டத் தொகுப்பில் அச்சட்டம் அடங்கிவிட்டது. எட்டு மணி என்னும் எல்லையும் வாரத்தில் ஆறு நாளே வேலை என்னும் நெறியும் அத்தொகுப்பிலும் நிலைபெற்றுள்ளன.

இவ்வெல்லையை வைத்துக்கொண்டு சேலத்திலிருந்து தில்லிக்கு ஒரு பயணம் வகுத்துப் பார்ப்போம். வழி, பெங்களூரு, கர்நூல், ஐதராபாது, நாகபுரி, ஜான்சி, குவாலியர், ஆக்ரா. ஒன்பது மாநிலங்களைக் கடந்து தில்லியை அடைதல் வேண்டும். தொலைவு ஏறத்தாழ 2,350 கிலோமீட்டர். பாரமேற்றிய லாரி, ஏற்றமும் சுங்கச்சாவடியும் ஊர்நெரிசலும் உட்பட, சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்வோம். எட்டு மணிக்கு 320 கிலோமீட்டர். முதல் நாள் பெங்களூருக்கு அப்பால் பெனுகொண்டாவை அண்மி இரவு தங்கலாம்; நான்காம் நாள் நாகபுரி; ஆறாம் நாள் ஜான்சிப் பக்கம். ஏழாம் நாள் ஓய்வு. எஞ்சிய 430 கிலோமீட்டரை எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் கடக்கலாம். ஆக, ஓர் ஓட்டுநர் சட்டத்துக்கு உட்பட்டுச் சென்றால் ஒன்பதாம் நாளே தில்லி.

இனி இருவர் சென்றால், ஒருவர் ஓட்ட மற்றவர் உறங்க, நாளொன்றுக்குப் பதினாறு மணி வண்டி ஓடும். 640 கிலோமீட்டர் செல்லும். நான்காம் நாளே தில்லி சேரும். ஓடும் வண்டியில் உறங்குதல் வீட்டில் உறங்குவதற்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும், எஞ்சிய எட்டு மணி வண்டியை நிறுத்தி இருவரும் இளைப்பாறலாம்; அதுவும் நள்ளிரவுக்குப் பின் மனித உடல் உறக்கத்துக்கே ஏங்கும் இரண்டு மணி முதல் ஆறு மணி வரையிலான வேளையில் இளைப்பாறலாம்.

இவ்விடத்து மற்றொரு கணக்கையும் எண்ணிப் பார்த்தல் தகும். இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் செல்லுபடியாகும் என்பது 2021 சனவரி முதல் உள்ள விதி. அவ்வாறாயின் 2,350 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நாள். சரக்குக்கு வரிச்சட்டம் தருவது பன்னிரண்டு நாள்; தனி ஓட்டுநர்க்குத் தொழிற்சட்டப்படி வேண்டுவது ஒன்பது நாள்; வியாபாரி தந்ததோ ஐந்து நாள். பன்னிரண்டு நாள் கடந்தால் இ-வே பில் காலாவதியாகித் தண்டம் விழும். ஒன்பது நாளை ஐந்தாகக் குறுக்கினாலோ கேட்பார் இல்லை. சரக்கின் காலத்தைக் கணினி எண்ணுகின்றது. லாரியின் எடையை எடைமேடை எண்ணுகின்றது. ஓட்டுநரின் உறக்கத்தை எண்ணுவார் யார்?

எண்ணிய விதியொன்று முன்னர் இருந்தது. நேஷனல் பர்மிட் பெற்ற லாரியில் ஓட்டுநர் இருவர் இருத்தல் வேண்டும் என்றும், ஒருவர் நீட்டிப் படுக்க ஓட்டுநர் இருக்கையின் பின்னே இடம் வேண்டும் என்றும் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறின. 2018 இல் இரண்டாம் ஓட்டுநர் கட்டாயமில்லை என்று அவ்விதி தளர்த்தப்பட்டது. அவ்விதி ஏட்டளவில் நின்றதேயன்றி நாட்டில் நடந்ததில்லை என்று எம் மாமனாரே கூறுவர். அஃது உண்மையாயினும், நடவாத விதியை நடத்த முயல்வதே முறை; எடுத்து எறிவதன்று. உமணர் கீழ்மரத்தில் கட்டிய அச்சை யாம் அவிழ்த்துவிட்டோம்.

லாரி உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். அவருட் பலர் பெருஞ்செல்வர் அல்லர். ஒன்று அல்லது இரண்டு லாரிகளைக் கடனில் வாங்கி மாதத் தவணை கட்டுவோர். டீசல், சுங்கம், காப்பீடு, டயர் யாவும் விலையேறின. வாடகை அவ்வளவு ஏறவில்லை என்பர். நல்ல ஓட்டுநர் ஒருவர் கிடைப்பதே அரிது, இருவர்க்கு எங்கே போவது என்பர். ஒருவர்க்கே சம்பளமும் பேட்டாவும் தர முடியாதபோது இருவர்க்கு எவ்வாறு தருவது என்பர். இவை பொய்யல்ல.

எனினும் கணக்கை மீண்டும் பார்ப்போம். ஒருவர் எட்டு நாள் ஓட்டினாலும், இருவர் நான்கு நாள் ஓட்டினாலும், கூலிக்குரிய ஆள்நாள் எட்டே. அன்றியும், இருவர் சென்ற லாரி ஐந்து நாள் முன்னதாகவே அடுத்த சரக்குக்கு ஆயத்தமாகின்றது; தவணையும் காப்பீடும் நாட்கணக்கில் செல்லும் செலவுகளாதலின் அவ்வளவும் ஆதாயம். சட்டப்படி செல்லும் தனி லாரியோடு ஒப்பிட்டால் இருவர் லாரியே உரிமையாளர்க்கு நன்மை. பின்னர் ஏன் அது நட்டமாகத் தோன்றுகின்றது? ஒருவரைக் கொண்டே ஐந்து நாளில் ஓட்டும் லாரியோடு அதனை ஒப்பிடுவதனாலேயே. அந்த லாரியின் ஆதாயம் வாணிகத்தால் வந்ததன்று; ஓட்டுநரின் கண்ணிலிருந்து எடுத்தது. நேர்மையாக நடக்க விரும்பும் உரிமையாளர், அவ்வாறு எடுப்பவரோடு போட்டியிட முடியாமல் தாமும் அவ்வழியே செல்ல நேர்கின்றது. விதி எல்லார்க்கும் பொதுவாக நின்றாலன்றி நல்லவர்க்குப் பிழைப்பில்லை.

நல்ல முயற்சிகள் நிகழாமலில்லை. 2025 அக்டோபர் முதல் நாளுக்குப்பின் செய்யப்படும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. நாகபுரியின் வேனிலில் எஞ்சினுக்கு அருகே அமர்ந்து ஓட்டியவரே அதன் அருமையை அறிவர். ஆயினும் குளிர்ந்த காற்று உறக்கத்துக்கு ஈடாகாது.

பிற நாட்டார் இத்துறையில் செய்திருப்பவை நாம் எண்ணிப் பார்த்தற்குரியவை. அமெரிக்காவில் தொடர்ந்து பத்து மணி ஓய்வு கொண்டபின்னரே லாரி ஓட்டுநர் பதினொரு மணி வரை ஓட்டலாம். அக்கணக்கை எழுத 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான லாரிகளில் மின்கருவி வேண்டும் என்றாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு வேண்டும். இவையெல்லாம் ஓட்டுநரைப் பற்றிய விதிகள். யாம் மிகவும் மதிப்பது ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் 2014 முதல் நடைபெறும் கனரக வாகனச் சட்டம். அங்கே பொறுப்பு ஒரு சங்கிலியாகத் தொடர்கின்றது. சரக்கை அனுப்பியவர், ஏற்றியவர், நேரம் வகுத்தவர், பெற்றுக்கொள்பவர் ஆகிய அனைவரும் அச்சங்கிலியின் கண்ணிகள். ஓட்டுநர் உறக்கமின்றி ஓட்டியே தீரும்படி ஒருவர் நேரம் குறித்தால், அக்குற்றத்தில் அவர்க்கும் பங்கு உண்டு. எம் மாமனாரின் படுக்கையருகே ஒருவரும் கேளாத வினாவை அந்நாட்டுச் சட்டம் கேட்கின்றது.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. ஒன்று, இ-வே பில்லில் சரக்கின் மதிப்பும் லாரியின் எண்ணும் எழுதப்படுவது போலவே, ஓட்டுநர் எத்தனை பேர், அவர்க்குரிய வேலைநேரப்படி வண்டி எந்நாள் சேரும் என்பதும் எழுதப்படல் வேண்டும். அந்நாளுக்கு முன்னர்ச் சரக்கு வேண்டுமெனக் கட்டளையிடுவோர் அதற்குப் பொறுப்பாளராதல் வேண்டும். இரண்டு, ஒரு குறித்த தொலைவுக்கு மேற்பட்ட செலவுக்கு இரண்டாம் ஓட்டுநர் மீண்டும் கட்டாயமாதல் வேண்டும். மூன்று, சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரம் ஓய்வாகக் கருதப்படலாகாது. பெருநகரங்கள் பலவற்றில் பகலில் லாரி நுழையத் தடையுண்டு. ஊர்ப்புறத்தே வெயிலில் வரிசையில் நின்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை நகர்த்தி, இரவில் உள்ளே சென்று சரக்கிறக்கி, அவ்விரவே மறுசரக்கு ஏற்றுபவர் எப்பொழுது உறங்கினார்?

இவற்றை யாம் இம்மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இக்கல்லூரியின் பழைய மாணாக்கருள் வணிகர் உளர், வழக்கறிஞர் உளர், அரசாங்க அலுவலர் உளர். நாளை நாமும் அவ்விடங்களில் அமர்வோம். "எப்பொழுது வரும்?" என்று தொலைபேசியில் கேட்கும் குரல் நம்முடையதாக இருத்தல் கூடும். அவ்வினாவைக் கேட்கும்பொழுது, வண்டியில் எத்தனை பேர் உளர், அவர் நேற்று எங்கே உறங்கினர் என்று சேர்த்துக் கேட்கும் வழக்கம் நம்மிடத்துத் தொடங்குமாயின், சட்டம் வருமுன்னரே சில உயிர்கள் காக்கப்படும்.

எம் மாமனார் இப்பொழுது கைத்தடியூன்றி நடக்கின்றார். வரும் தை மாதத்துக்குப்பின் மீண்டும் லாரியில் ஏறுவேன் என்கின்றார், தடுத்தும் கேட்பவரல்லர். அவரோடு மற்றோர் ஓட்டுநரையும் அனுப்புவதாக அவ்வுரிமையாளர் வாய்ச்சொல் தந்துள்ளார். அச்சொல் நிலைப்பதாக.